அப்பா காரும் உன் காரும்: நீ எழுதாமல் விட்டது

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்கும்படி போனில் நீ போட்ட பதிவைப் படித்தேன். தீபாவளியன்று நம் வீட்டு வாசலில் எடுத்த படம். ஒரு பக்கம் அப்பாவின் பச்சைக் கார், இன்னொரு பக்கம் உன் புது வெள்ளைக் கார், நடுவில் நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். அப்பா கார் எப்படி, என் கார் எப்படி என்று ஸ்டார்ட்டில் தொடங்கி பிரேக் வரைக்கும் ஒவ்வொன்றாக எழுதியிருந்தாய். அடேயப்பா, அதற்கு எத்தனை பேர் கை தட்டியிருக்கிறார்கள்! "அப்பன் பேர காப்பாத்திட்டீங்கண்ணே" என்று ஒருவன். "அம்மா குடுத்து வச்சவங்க" என்று இன்னொருவன். அதைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ அந்தப் பதிவைப் போட்ட நேரத்தில் உன் மனைவி ஷாமினி ஜெராமில் என் வீட்டு நடு அறையில், கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். அதை நீ எழுதவில்லை. அவளைத் திருப்பி அனுப்பு என்று எனக்குக் குரல் செய்தி அனுப்புகிறாய். புதன்கிழமை கோலசிலாங்கூர் கோர்ட்டுக்கு நான் வரக்கூடாது என்று ஆள் விடுகிறாய். இரண்டுக்கும் பதில் இதில் இருக்கிறது. நீ ஊர் பார்க்க எழுதினாய், நானும் ஊர் பார்க்கவே எழுதுகிறேன். கூச்சமாக இருந்தால் இரு. எனக்கு அந்த வயது போய்விட்டது.

முதலில் ஸ்டார்ட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அப்பா கார் சோக்கை இழுத்துக் கொஞ்சம் கெஞ்சினால்தான் கிளம்பும், என் கார் பட்டனைத் தொட்டால் போதும், பூனை மாதிரி சத்தமே இல்லாமல் கிளம்பும் என்று. சரி. அப்பா கார் கிளம்பாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது உனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி வேலையை விட்டுப் போனபோது அவரிடமிருந்து அப்பா வாங்கிய கார் அது. அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார், நான் நாற்றுமேடையில் வேலை செய்தேன். அவசரத்துக்கு ஆகும் என்று அவரேதான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் எடுத்த அன்று கள்ளுக்கடையில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்து, "எம் பொண்டாட்டி காரு ஓட்டுவா, தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, ஓட்டத் தெரிந்தவள் எங்கேயும் போய்விடுவாள் என்ற பயம் வந்துவிட்டது. காலையில் லோரி எடுக்கப் போகுமுன் கார் பானட்டைத் திறப்பார். ஒயர்கள் செருகிய கறுப்பு மூடி ஒன்று உள்ளே இருக்கும். அதைக் கழற்றி, அதற்குள் இருக்கும் கட்டைவிரல் அளவு துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ரோட்டர் என்பார் அதை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், பற்றிக்கொள்ளாது. கார் வாசலில் இருக்கும், சாவி ஆணியில் தொங்கும், போக முடியாது.

சுங்கை ஆயர் தாவாரில் என் தங்கை மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். போகவேண்டாம் என்று அவர் சொன்னார், போவேன் என்று நான் சொன்னேன். தாய்மாமன் இல்லாத குடும்பம், பெரியம்மாவும் போகாவிட்டால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? பட்டுச்சேலை கட்டி, உன்னைப் பின் சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருகினேன். திருகத் திருகக் கார் இருமிக்கொண்டே இருந்தது. லயத்து வரிசைவீட்டு ஜனம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. உன் அப்பா கதவில் சாய்ந்து நின்று, பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடினார். "கெளம்பு பாப்போம். கெளம்புடி!" என்றார். எனக்கு எங்கிருந்து ஆத்திரம் வந்ததோ, இறங்கி அத்தனை பேர் முன்னால், "ஆம்பளைக்கு இதான் வீரமா? தூ!" என்று துப்பிவிட்டேன். அந்தக் காருக்கு மாற்று பெல்ட் ஒன்று எப்போதும் சுவரில் ஆணியில் தொங்கும், எஞ்சின் விசிறியைச் சுற்றும் பெல்ட். ரப்பர்தான், ஆனால் உள்ளே நூல் வைத்துக் கெட்டியாகச் செய்தது. அது தட்டையாக விழாது மகனே, விழும்போதே திரும்பிக்கொண்டு ஓரத்தால் கடிக்கும். பட்டுச்சேலையோடு வாசலில் உருண்டேன். ரவிக்கை கிழிந்து முதுகுத் தோல் உரிந்தது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கமாகத்தான் போனார். பார்த்தார். பார்த்துவிட்டுச் செம்பனை மரத்தில் குலை பழுத்திருக்கிறதா என்று அண்ணாந்துகொண்டு போய்விட்டார்.

இந்த ரோட்டர் கதையைத்தான் உன் அப்பா தீபாவளிக்குத் தீபாவளி வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வார். பெல்ட் அதில் வராது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சாவியைத் திருகித் திருகி நான் முழித்தது மட்டும்தான் வரும். என் முகத்தை நடித்தும் காட்டுவார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நீ கொஞ்சம் பெரியவனானதும் அவர் மறந்த இடத்தை நீயே எடுத்துக் கொடுப்பாய், "அப்பா, தூக்கிப் போட்டு புடிச்சீங்களே, அத சொல்லுங்க." பின் சீட்டில் உட்கார்ந்து அலறிய பிள்ளைதான் நீ. அலறியதை எங்கே தொலைத்தாய் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை.

உன் கார் மின்சாரத்தில் ஓடுவது, அதற்கு அந்த மாதிரி பெல்ட்டே கிடையாது, எண்ணெய் மாற்றும் வேலையும் கிடையாது என்று பெருமையாக எழுதியிருந்தாய். நல்லது.

அடுத்தது பாதுகாப்பு. அப்பா காரில் சீட் பெல்ட்டே சும்மா பேருக்குத்தான், என் காரில் சுற்றிலும் காற்றுப்பை, குறுக்கே பூனை வந்தாலும் கார் தானாகவே பிரேக் போடும் என்று எழுதியிருக்கிறாய். அப்பா காரும் சில சமயம் குறுக்கே ஒன்றும் வராமலே பிரேக் போடும், அது உனக்கு மறந்துபோயிருக்கும். உன் சித்தப்பா வீட்டில், பையன் காலில் போடும் பள்ளிக்கூடச் சப்பாத்து கிழிந்துபோச்சு என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தம்பி முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம். திரும்பி வரும்போது, ஆளில்லாத ரோட்டில், நல்ல வேகத்தில், ஓங்கி மிதித்தார். அந்தக் காருக்கு முன்பக்கம் முழுக்க இரும்பு. வாய் போய் அதில் மோதி முன்பல் உடைந்து உதட்டைக் குத்தி வெளியே வந்தது. "ஒழுங்கா புடிச்சி ஒக்கார தெரியாது?" என்றார். பிறகு இறங்கி, காரின் பின்பெட்டியிலிருந்து துணியை எடுத்து வந்து, இரும்பில் பட்ட ரத்தத்தைத் துடைத்தார். பெயின்ட் கெட்டுவிடுமாம். என்னிடம் அந்தத் துணியைக்கூட நீட்டவில்லை. இப்போது நான் சிரிக்கும்போது கையால் வாயை மறைப்பதைப் பார்த்து, "எங்கம்மாவுக்கு ரொம்ப வெக்கம்" என்று ஷாமினியிடம் சொல்லியிருக்கிறாயே, எனக்கென்னடா வெட்கம்?

உன் பதிவில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்த வரி ஒன்று உண்டு. "இத்தனை வருசத்திலும் ஒரு கீறல்கூட விழாமல் அப்பா காப்பாற்றிய கார்." ஒரு கீறல்கூட இல்லையா? போன வருடம் பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்துக்குக் கொண்டு போவதற்காக நீதானே அதைப் பட்டறையில் விட்டாய்? பானட்டில் இருந்த பள்ளத்தை நிரப்பப் பூசுமாவு எவ்வளவு வாங்கியது என்று அந்தப் பெயின்ட் அடித்தவனைக் கேள். அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். நீ ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். சைக்கிளைக் கொண்டுவந்து சுவரில் சாய்க்கும்போது அதன் பிடி கார்க் கதவில் உரசி ஒரு கோடு விழுந்தது. விரல் நீளம்கூட இருக்காது. அதற்கு அந்தப் பெல்ட்டை எடுத்து உன்னை அடித்தார். உன் இடது தோளில் இருக்கும் தழும்பு சைக்கிளிலிருந்து விழுந்தது இல்லை, ஷாமினியிடம் நீ சொன்ன கதை எனக்கும் தெரியும். நீ கத்தவே இல்லை. வாயைத் திறந்தபடி நின்றாய், சத்தம் வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

லோரியில் குலைகளைக் குத்தி ஏற்றுவதற்கு நீளமான கூர்க்கம்பி வைத்திருப்பார்களே, அது வீட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. அதை எடுத்தேன். அவரை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். காரை அடித்தேன். முதல் அடியில் முன் கண்ணாடி போயிற்று. விளக்கு இரண்டையும் குத்தினேன். பானட்டில் ஏறாத குறைதான், மாற்றி மாற்றிப் போட்டேன், இரும்பு கிழிகிற சத்தம் கேட்டது. "யேய், காருடி! காருடி அது!" என்று அலறிக்கொண்டு உன்னை விட்டுவிட்டு ஓடி வந்தார். பெற்ற பிள்ளையை அடிக்கும்போது அந்தக் குரல் வரவில்லை. என் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கி மணிக்கட்டில் ஒரு போடு போட்டார், எலும்பு உடைந்தது. இன்னொன்று தலைக்கு ஓங்கினார். அப்போதுதான் லயத்துப் பெண்கள் ஓடிவந்து என் மேல் விழுந்து மறைத்துக்கொண்டார்கள். எத்தனையோ தடவை நான் கத்தியிருக்கிறேன், அப்போதெல்லாம் வராதவர்கள் கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு வந்தார்கள். எதற்காக வந்தால் என்ன, வந்தார்கள். அவர்களால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

கண்ணாடியும் விளக்கும் மாற்றினார். பானட்டுக்கு மாற்று கிடைக்கவில்லை. அந்தப் பள்ளத்தோடுதான் சாகும்வரை ஓட்டினார். கோலசிலாங்கூர் மார்க்கெட்டில் நிறுத்தினால் யாராவது கேட்பார்கள், "என்னண்ணே, எங்க மோதுனீங்க?" தலையைக் குனிந்துகொண்டு வருவார். அதன்பிறகு அவர் கை ஓங்குவது குறைந்தது, பிறகு நின்றும்போனது. திருந்தினார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் உடைந்த பல்லுக்கு அவர் ஒரு நாளும் வெட்கப்படவில்லை. அந்தப் பள்ளத்துக்கு வெட்கப்பட்டார்.

இனி உன் காருக்கு வருகிறேன். ஷாமினி கிளினிக்கில் தாதி வேலைக்குப் போய்வர வாங்கிய கார் என்றுதான் என்னிடம் சொன்னாய். என்னை முன்னால் உட்கார வைத்து, நீங்கள் குடியிருக்கும் புக்கிட் செந்தோசாவைச் சுற்றிக் காட்டினாய். நாசமாய்ப் போக, நானும் மகிழ்ந்து திருஷ்டி கழித்துச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். அந்தக் காருக்குள் தனியாக ஒரு பெட்டி வைத்திருக்கிறாய் என்பதும், அவள் எங்கே போகிறாள், எங்கே நிற்கிறாள் என்று உன் போனில் ஒரு புள்ளி ஊர்ந்துகொண்டே இருக்கும் என்பதும், நீ விரலால் தட்டினால் கார் அப்படியே செத்துப்போகும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. சுங்கை செம்பிலாங்கில்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று அவளுக்கு லீவு. என்னைப் பார்க்க வந்தாள். மறுநாள் நீ சாப்பிட வருகிறாய், நண்டு கேட்டிருக்கிறாய் என்று சொன்னாள். சுங்கை செம்பிலாங்கில் மீன்படகு வந்து இறங்கும் இடத்திலேயே போய் வாங்கினால் உயிரோடு கிடைக்கும் என்று நான்தான் கிளப்பினேன். நண்டு வாங்கிக்கொண்டு காரில் ஏறினோம். பட்டனை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, கண்ணாடி இறங்கவில்லை, காற்று வரவில்லை.

"பேட்டரி வீக்கா இருக்கும்லா," என்றேன்.

"இல்ல அத்தை." அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அவருதான்."

"அவன் புக்கிட் செந்தோசாவுல இருக்கான், இங்க எப்படி?"

போனைக் காதில் வைத்தாள். நீ சொன்னது எனக்கும் கேட்டது. "அங்கயே இரு. வரேன்." அவ்வளவுதான். அவள் மெதுவாகத் திரும்பி, "அத்தை, நீங்க ஒரு வண்டி புடிச்சி வூட்டுக்குப் போயிருங்க. ப்ளீஸ். நீங்க பாக்க வேணாம்," என்றாள். நான் பார்க்கவேண்டாம் என்று எனக்காகக் கவலைப்படுகிறாள், பாவி மகள்! அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. எனக்கும்தான் தெரியும். கார்தான் வேறு, காலம்தான் வேறு. மீன் கடைச் சீனத்தியம்மா எங்களை நிழலுக்குக் கூப்பிட்டு ஐஸ் தண்ணீர் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

சிநேகிதன் காரில் வந்து இறங்கினாய். நான் அங்கே நிற்கிறேன், பெற்றவள் நிற்கிறேன், என்னைப் பார்க்கவே இல்லை. "ஜெராமுன்னு சொல்லிட்டு இங்க யாரடி பாக்க வந்த?" என்றாய். "ஒங்களுக்கு நண்டு வாங்கத்தாங்க, அத்தைதான்..." என்று அவள் முடிக்குமுன் கன்னத்தில் விழுந்தது. முடியைக் கொத்தாகப் பிடித்துக் காருக்கு இழுத்துக்கொண்டு போனாய். நான் குறுக்கே வந்தேன். "நீங்க ஒதுங்குங்கம்மா!" என்று தள்ளினாய். நண்டுப் பை மேலேயே விழுந்தேன், பை கிழிந்து நண்டெல்லாம் சிமெண்டுத் தரையில் ஓடின. அவளை உள்ளே தள்ளினாய். அவள் வெளியே வரப் பார்த்துக் கதவு நிலையைப் பிடித்தாள். அவள் விரல்கள் அங்கே இருந்தன. நீ பார்த்தாய். எதிரே தரையில் கிடந்த எனக்கே தெரிந்தது, உனக்குத் தெரியாமல் இருக்குமா? பார்த்துக்கொண்டே சாத்தினாய். அது போதாமல், பாதி திறந்து மறுபடியும் சாத்தினாய்.

உன் கார்க் கதவு மெத்தென்று சாத்திக்கொள்ளும், அப்பா கார் மாதிரி தகரச் சத்தம் வராது என்று எழுதியிருக்கிறாய். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இன்னும் சாப்பிட உட்கார்ந்தால் கேட்கிறது.

வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு மலாய்க்காரப் பையன்கள் ஓடிவந்து உன்னைக் கழுத்தோடு பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பாயோ! அவர்களில் ஒருவன் கையைக் கடித்தாய். நாய் மாதிரி கடித்தாய் மகனே, அவன் கையில் ரத்தம் வந்தது. அவர்களுக்கு நாங்கள் யார்? தோட்டத்தில் மண்டோர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார், இவர்கள் முன்பின் தெரியாத பெண்ணுக்காகக் கடி வாங்கினார்கள். நீ சிநேகிதன் காரில் ஏறிப் போனபிறகு, சீனத்தியம்மா தன் மீன் வேனில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் கேட்டதும் ஷாமினி உடனே, "கார் கதவுல மாட்டிக்கிச்சு டாக்டர்," என்றாள். அந்தப் பதிலும் மனப்பாடம்தான் போலிருக்கிறது. நான் விடவில்லை. "கதவு தானா சாத்திக்கல டாக்டர்," என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மூன்று விரல் உடைந்திருக்கிறது. ஊசி போடுகிற கை. அன்றைக்கே போலீசில் ரிப்போர்ட் கொடுத்தோம்.

அப்புறம் உன் சித்தப்பாவை அனுப்பினாய். தட்டில் ஆப்பிளும் ஆரஞ்சும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு, கோயில் தலைவரையும் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்தார். தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அண்ணி, மொதல்ல அந்த வண்டிய அனுப்பிருங்க. பையன் வேலைக்குப் போக கஷ்டப்படுறான். அப்படியே பொண்ணையும் அனுப்பி வைங்க." அப்படியே! கார் முதலில், அவள் சில்லறை மாதிரி அதன் கூட. கோயில் தலைவர், "குடும்ப விசயத்த கோர்ட்டுக்குக் கொண்டு போனா நம்ம சாதிசனத்துக்குத்தாம்மா அசிங்கம்," என்றார். "விரல உடச்சது அசிங்கம் இல்லியாங்க?" என்றேன். "அண்ணனுந்தான் கை வைப்பாரு. நீங்க பொறுத்துப் போகலியா?" என்றார் சித்தப்பா. அதையேதான் நீயும் குரல் செய்தியில் சொல்லியிருந்தாய், "அப்பாவும்தான் அடிச்சாரு. நீங்க இருந்தீங்களேம்மா?" இருந்தேன். எனக்குப் போக இடமில்லை, அதனால் இருந்தேன். அவளுக்குப் போக இடம் இருக்கிறது, அது என் வீடு. பழத்தட்டை அப்படியே கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதற்கு மறுநாள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாய். சுங்கை செம்பிலாங்கிலிருந்து இழுவை லோரிக்காரன் கொண்டுவந்து விட்ட உன் கார் என் வாசலில் அப்பா கார் பக்கத்தில் நின்றது. பகல் சாப்பாட்டு நேரம். அவளுக்குச் சோற்றைப் பிசைந்து நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆளே இல்லாத கார் திடீரென்று ஹாரன் அடிக்கிறது. விளக்கெல்லாம் விட்டுவிட்டு எரிகிறது. நிற்கிறது. மறுபடி அடிக்கிறது. நீ புக்கிட் செந்தோசாவில் உட்கார்ந்துகொண்டு போனைத் தட்டுகிறாய். அவள் வாயில் இருந்த சோற்றோடு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். முப்பது வயதுப் பெண், படித்தவள், மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டாரு அத்தை, வந்துட்டாரு," என்கிறாள். உன் அப்பாவுக்கு அடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வரவேண்டும், கையை ஓங்கவேண்டும், கை வலிக்கும். உனக்கு அந்தச் சிரமமும் இல்லை. நீ இரண்டு காரையும் ஒப்பிட்டாயே, எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். அன்றைக்கே பட்டறைக்காரனைக் கூப்பிட்டு உன் காரின் சின்ன பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டேன். கார் இப்போது போலீஸ் ஸ்டேசனில் நிற்கிறது. வேண்டுமானால் அங்கே போய்க் கேட்டு வாங்கிக்கொள்.

உன்னை நான் வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் இத்தனை எழுதமாட்டேன். ஆத்திரம், அடிவயிறு எரிகிற ஆத்திரம். சத்தம் வராமல் வாயைத் திறந்துகொண்டு நின்ற அந்தப் பிள்ளைக்காகத்தான் அன்று கம்பியை எடுத்தேன். அந்தப் பிள்ளையை நான் இன்னும் விடவில்லை. அதனால் சொல்கிறேன், கேட்டால் கேள். அவளுக்குப் போன் செய்யாதே. ஆள் அனுப்பாதே. அந்தப் புள்ளியைப் பார்ப்பதை உன் போனிலிருந்தே எடு. கோர்ட்டில் கேட்டால் செய்தேன் என்று நீயே சொல், வக்கீல் சொல்லிக்கொடுப்பதைச் சொல்லாதே. ஆஸ்பத்திரியில் உன்னை மாதிரி ஆட்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்களாம், கூச்சப்படாமல் போ. அவள் திரும்பி வருவாளா என்று கேட்காதே. அது அவள் இஷ்டம். போகாதே என்றுதான் நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன், உனக்குத் தெரியாமல் செய்யவில்லை.

புதன்கிழமை காலையில் கோலசிலாங்கூர் கோர்ட்டுக்கு அவளை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். உன்னை நெருங்க விடாமல் தடுக்க அவள் உத்தரவு கேட்கிறாள், நான் அவளுக்குச் சாட்சி. உள்ளே வந்ததும் அம்மா எங்கே என்று உன் பக்கத்தில் தேடாதே, நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சித்தப்பா, கோயில் தலைவர், யார் வந்து முன்னால் நின்றாலும் எழுந்திருக்கமாட்டேன். யார் அடித்தது என்று என்னைக் கேட்பார்கள். உன் பெயரைச் சொல்லுவேன். நான் பெற்று, நான் ஆசையாய் வைத்த பெயர். அதைச் சொல்லி, இவன்தான் என்று கையை நீட்டிக் காட்டுவேன்.

அம்மா